அகத்தியிலிருந்து போர்ட் பிளேயர்: வான்வழித் தூரமும் போய்ச் சேரும் நேரமும்

எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தாலும், அவற்றுக்கு இடையே வான்வழியில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எத்தனை மணி நேரம் என்று உடனே சொல்லிவிடும் இணையப் பக்கங்கள் இன்று நிறைய இருக்கின்றன. சென்னைக்கும் டெல்லிக்கும் கேட்டாலும் பதில் வரும். லட்சத்தீவின் அகத்திக்கும் அந்தமானின் போர்ட் பிளேயருக்கும் கேட்டாலும் அதே உறுதியோடு பதில் வரும். முதல் பதிலை நம்பிப் பயணத்தைத் திட்டமிடலாம். இரண்டாவது பதிலை நம்பி ஒருவர் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டால் நிலைமை வேறு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது, அதில் எதெல்லாம் சேர்கிறது, எதெல்லாம் விடுபட்டுப் போகிறது என்பதை, குமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இரண்டு பக்கத் தீவுகளோடும் உறவு வைத்திருக்கும் குடும்பங்களுக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் கடற்கரைக்கு இந்த இரண்டு தீவுக் கூட்டங்களும் புதியவை அல்ல. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்களுக்கு லட்சத்தீவுக் கடல் தொழில் செய்யும் இடம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கரை திரும்ப முடியாத எத்தனையோ விசைப்படகுகள் அங்குள்ள தீவுகளில்தான் ஒதுங்கின. கல்பேனி, கவரத்தி, அகத்தி என்ற பெயர்களை வீட்டுப் பெண்கள்கூட நாள்தோறும் சொல்லிக்கொண்டு செய்திக்காகக் காத்திருந்த காலம் அது. கிழக்கே அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆகவே ஒரே வீட்டில் ஒரு பிள்ளை மேற்குத் தீவிலும் இன்னொரு பிள்ளை கிழக்குத் தீவிலும் இருப்பது இங்கே வியப்புக்குரிய செய்தி அல்ல.

என் அக்காள் வீட்டிலும் அப்படித்தான். மகள் போர்ட் பிளேயரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மகன் அகத்தியில் ஒரு கட்டுமான வேலையில் இருக்கிறான். மகளுடைய குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை திருமுழுக்கு என்று முடிவாயிற்று, தாய்மாமன்தான் ஞானத்தகப்பன். அவன் கைப்பேசியில் பார்த்துவிட்டு என்னை அழைத்தான். "சித்தி, மூணேகால் மணிக்கூர்னுதான் காட்டுது. சனிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டா போதும் இல்லியா?" என்றான். பள்ளியில் புவியியல் கற்பித்துக் காலம் கழித்தவள் என்பதால் இத்தகைய கேள்விகள் என்னிடம் வந்து சேர்வது வழக்கம். "மக்களே, அது தூரத்தை வேகத்தால வகுத்துச் சொல்லுதது, அப்படி ஒரு பிளைட்டே கிடையாது" என்றேன்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். அகத்தி விமான நிலையம் வடக்கு 10.82 பாகையிலும் கிழக்கு 72.18 பாகையிலும் இருக்கிறது. போர்ட் பிளேயர் விமான நிலையம் வடக்கு 11.64 பாகையிலும் கிழக்கு 92.73 பாகையிலும் இருக்கிறது. (2024 செப்டம்பரில் அந்நகரத்துக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் செய்யப்பட்டது, எங்கள் பக்கத்தில் இன்னும் பழைய பெயரே வழங்குவதால் இங்கும் அதையே எழுதுகிறேன்.) பூமியை ஒரு கோளமாகக் கொண்டு, அதன் மையம் வழியே வெட்டும் பெருவட்டத்தின் மீது இந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான வில்லை அளந்தால், அது 20.17 பாகை வருகிறது. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலைக்கு ஒரு நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைலுக்கு 1,852 மீட்டர். எனவே தூரம் 1,210 நாட்டிக்கல் மைல், அதாவது ஏறத்தாழ 2,240 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றே தட்டையானது என்பதையும் கணக்கில் எடுக்கும் பக்கங்கள் சில கிலோமீட்டர் கூடுதலாகச் சொல்லும். அந்த வேறுபாட்டைப் பயணி பொருட்படுத்த வேண்டியதில்லை.

நாட்டிக்கல் மைல் என்ற அளவு எங்கள் மாவட்டத்தில் படகோட்டும் யாருக்கும் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை. படகில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி காட்டுவது அந்த அளவைத்தான். விமானியும் அதே அளவில்தான் தூரத்தைச் சொல்கிறார், அதே 'நாட்' (மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) என்ற கணக்கில்தான் வேகத்தைச் சொல்கிறார். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து அகத்திக்கு நேர்க்கோட்டில் 330 நாட்டிக்கல் மைலுக்குச் சற்று மேல். மணிக்கு ஏழு நாட்டிக்கல் மைல் ஓடும் விசைப்படகுக்கு இரவும் பகலுமாக இரண்டு நாள் ஓட்டம். பெரிய கருவிகள் எதுவும் இல்லாமலேயே இந்த வகுத்தலை மனத்துக்குள் போடுகிற ஆட்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. காற்றும் நீரோட்டமும் அந்த விடையை எவ்வளவு மாற்றும் என்பதையும் சேர்த்தே அவர்கள் சொல்வார்கள். இணையப் பக்கம் விட்டுவிடுவது அந்தப் பின்பாதியைத்தான்.

பெருவட்டம் என்றதும் வரைபடத்தில் வளைந்து வளைந்து வடக்கே ஏறிப்போகும் கோடு பலருக்கு நினைவுக்கு வரும். டெல்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பெருவட்டம் வரைந்தால் அது வடதுருவத்துக்கு அருகே போய்வரும் என்பது உண்மைதான். ஆனால் நிலநடுக்கோட்டுக்கு அருகில், கிழக்கு மேற்காகச் செல்லும் வழிகளில் இந்த வளைவு மிகக் குறைவு. அகத்தியிலிருந்து போர்ட் பிளேயருக்குச் சாதாரண வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோட்டுக்கும் பெருவட்டத்துக்கும் நீளத்தில் ஒரு கிலோமீட்டர்கூட வேறுபாடு இல்லை; நடுவழியில் பெருவட்டம் 20 கிலோமீட்டர் அளவுக்கு வடக்கே விலகிச் செல்கிறது, அவ்வளவே.

அந்தக் கோடு எந்த ஊர்களின் மேலே செல்கிறது என்று பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. இரண்டு கடல்களின் தீவுகளை இணைக்கும் கோடு என்பதால் அது குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு கடல்மேலேயே போகும் என்று இங்கே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அகத்தியை விட்டுக் கிளம்பும் கோடு கோழிக்கோட்டுக்குத் தெற்கே பரப்பனங்காடிப் பக்கம் கரையேறி, அட்டப்பாடி மலைகளைத் தாண்டி, கோயம்புத்தூருக்குச் சற்று வடக்கே தமிழ்நாட்டுக்குள் வந்து, திருப்பூர், நாமக்கல், பெரம்பலூர் வட்டாரங்களுக்கு மேலாக நேர்கிழக்கே சென்று, சிதம்பரத்துக்கும் சீர்காழிக்கும் இடையே கொள்ளிடம் கடலில் சேரும் பகுதியில் வங்கக் கடலுக்குள் இறங்குகிறது. 2,240 கிலோமீட்டரில் நிலத்தின் மேலே வருவது 430 கிலோமீட்டர் அளவுதான். மீதி முழுவதும் தண்ணீர். நாங்கள் இருக்கும் முனை அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் தெற்கே கிடக்கிறது.

இன்னொரு செய்தி இதைவிட அழகானது. இந்தியத் திட்ட நேரம் கிழக்கு 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அகத்தியின் தீர்க்கரேகையையும் போர்ட் பிளேயரின் தீர்க்கரேகையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் வருவது 82.45. அதாவது நாட்டின் கடிகாரத்தைத் தீர்மானிக்கும் கோட்டுக்கு மேற்கே எவ்வளவு தள்ளி அகத்தி இருக்கிறதோ, ஏறத்தாழ அவ்வளவே தள்ளிக் கிழக்கே போர்ட் பிளேயர் இருக்கிறது. இரண்டு ஊர்களிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும். ஆனால் ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில் சூரியனுக்கு இரண்டுக்கும் இடையே 82 நிமிட வேறுபாடு உண்டு. டிசம்பர் மாதத்தில் போர்ட் பிளேயரில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும். அகத்தியில் ஆறு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தூரக் கணக்குப் பக்கத்தில் "நேர வேறுபாடு: 0" என்று போட்டிருப்பது சரியே என்றாலும், பகல் வெளிச்சத்தை நம்பி இயங்கும் சிறிய விமான நிலையங்களுக்கு இந்த 82 நிமிடம் சின்ன விஷயம் அன்று.

இனி நேரத்துக்கு வருவோம். பெரும்பாலான பக்கங்கள் செய்வது ஒன்றுதான்: தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் அல்லது அதையொட்டிய ஒரு வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் என்று அரை மணி நேரத்தைக் கூட்டிவிடுகின்றன. 2,240ஐ 800ஆல் வகுத்தால் 2 மணி 48 நிமிடம். அரை மணியைக் கூட்டினால் 3 மணி 18 நிமிடம். என் அக்காள் மகன் பார்த்த மூணேகால் மணிக்கூர் இப்படிப் பிறந்ததுதான். ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்களுக்கு இந்த வகுத்தல் ஓரளவு பொருந்தும். ஆனால் அகத்தியில் அத்தகைய விமானம் இறங்கவே முடியாது என்பதை அந்தச் சூத்திரம் அறியாது.

அகத்தித் தீவின் நீளம் ஏழு கிலோமீட்டர் அளவு. அகலமான இடத்திலும் ஒரு கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். தென்மேற்கு முனையில் தீவு ஒடுங்கும் இடத்தில் ஓடுதளம் போடப்பட்டிருக்கிறது. விமானத்தின் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு, ஒரு பக்கம் பச்சையும் நீலமும் கலந்த களப்பு நீர் (பவளத்திட்டுக்கு உள்ளே அடங்கிக் கிடக்கும் ஆழமில்லாத கடல்), மறுபக்கம் நுரைத்துக்கொண்டிருக்கும் திறந்த கடல், இவற்றுக்கு நடுவே சக்கரம் தரையைத் தொடும் கணம் வரை கீழே நிலம் இருப்பதே தெரியாது. அந்த ஓடுதளத்தின் நீளம் ஏறத்தாழ 1,200 மீட்டர். திருவனந்தபுரத்தின் ஓடுதளம் 3,400 மீட்டர் அளவு. போர்ட் பிளேயரின் ஓடுதளம் 3,290 மீட்டர். 1988இல் அகத்தி நிலையம் தொடங்கப்பட்டபோது டோர்னியர் 228 என்னும் சிறு விமானங்களே அங்கே வந்து போயின. இப்போது ஏ.டி.ஆர். வகை விமானங்கள் வருகின்றன. அவை காற்றாடி சுழலும் இரட்டை என்ஜின் விமானங்கள். மணிக்கு 500 கிலோமீட்டர் அளவே வேகம்.

ஏ.டி.ஆர். 72 விமானத்தில் 70 இருக்கைகளுக்கு மேல் உண்டு. அகத்தியிலிருந்து கிளம்பும்போது எல்லா இருக்கைகளையும் நிரப்பிக்கொண்டு கிளம்புவது எளிதல்ல. ஓடுதளம் குட்டையாக இருந்தால் விமானம் மேலெழும் வேகத்தைச் சீக்கிரமே எட்டியாக வேண்டும். எடை கூடக்கூட அதற்கு வேண்டிய ஓட்டமும் கூடும். வெயில் ஏறினால் காற்று அடர்த்தி குறைந்து இறக்கைக்கு ஏந்தல் குறையும். என்ஜினின் வலுவும் தளரும். மழையில் தளம் நனைந்திருந்தால், நடுவில் ஓட்டத்தை நிறுத்த வேண்டிவரும்போது பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். இவை எல்லாவற்றையும் சேர்த்து அன்றன்றைய வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஏற்ப எவ்வளவு எடை என்று முடிவு செய்கிறார்கள். எடையைக் குறைக்க இரண்டே வழிகள்தாம்: ஆளைக் குறைப்பது, எரிபொருளைக் குறைப்பது. எரிபொருளை ஓர் அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. ஆகவே இருக்கைகள் காலியாக விடப்படுகின்றன. டிக்கெட் கிடைப்பது அரிதாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எரிபொருள் விஷயம் தீவுகளுக்கே உரிய சிக்கல். பெருநிலத்தில் ஒரு நிலையத்தில் இறங்க முடியாவிட்டால் பக்கத்து ஊருக்குத் திருப்பிவிடலாம். திருவனந்தபுரத்தில் மழை கொட்டினால் கொச்சிக்கோ மதுரைக்கோ போவது போல. அகத்தியில் இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறு ஓடுதளம் இல்லை. கொச்சிக்கே திரும்ப வேண்டும். அதனால் அங்கே போகும் விமானம் போய்ச் சேருவதற்கான எரிபொருளோடு இறங்காமலேயே திரும்பி வருவதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டுதான் கிளம்புகிறது. சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் செல்லும் விமானங்களும் அப்படியே. இரண்டே கால் மணி நேரம் பறந்து போய், மேலே வட்டமிட்டுவிட்டு, இறங்க முடியாமல் சென்னைக்கே திரும்பி வந்த விமானங்களின் செய்தி மழைக்காலத்தில் அவ்வப்போது வருவதுண்டு.

இப்போது ஏ.டி.ஆர். விமானத்தையே அகத்தியிலிருந்து போர்ட் பிளேயருக்கு நேராக அனுப்பலாமா என்று பார்த்தால், 2,240 கிலோமீட்டரை 500ஆல் வகுக்க நாலரை மணி நேரம் வரும். ஏற்ற இறக்கம் சேர்த்து ஐந்து மணி. ஆனால் நிறைந்த பயணிகளோடு அவ்விமானம் செல்லக்கூடிய தூரம் 1,500 கிலோமீட்டர் அளவுதான். நடுவில் எரிபொருள் நிரப்பாமல் முடியாது. ஜெட் விமானத்துக்குத் தூரம் ஒரு பொருட்டே இல்லை, ஆனால் ஓடுதளம் போதாது, ஏ.டி.ஆருக்கு ஓடுதளம் போதும், ஆனால் தூரம் எட்டாது. அந்த 3 மணி 18 நிமிடத்தில் பறந்து செல்லக்கூடிய பயணிகள் விமானம் எதுவும் இன்று இந்த வழிக்கு இல்லை.

போர்ட் பிளேயரின் பக்கத்திலும் தனிச் சிக்கல்கள் உண்டு. அங்குள்ள ஓடுதளம் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். உத்க்ரோஷ் தளத்தைச் சேர்ந்தது; பயணிகள் விமானங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. 2023 ஜூலையில் பெரிய புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. ஓடுதளத்தின் ஒரு முனையில் குன்று இருப்பதால் இறங்குவதும் ஏறுவதும் ஒரே பக்கத்தை நம்பியே நடக்க வேண்டியிருக்கிறது. காற்று எதிரே இருக்கும்படி திசையை மாற்றிக்கொள்ளும் வசதி இல்லாத இடத்தில், பிற்பகலில் காற்று வலுத்தால் சிரமம். ஆகவே விமானங்கள் பெரும்பாலும் முற்பகலிலேயே வந்து போகும்படி நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது. பயணியின் கணக்கில் இது மிக முக்கியமானது. ஏன் என்பது கீழே தெரியும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை எங்கள் கடலில் வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. மேற்கிலிருந்து கிழக்கே போகிறவருக்கு அது பின்காற்று. கடல்மட்டத்தில் அது உண்மை. ஆனால் ஜெட் விமானம் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அதே மாதங்களில் காற்று நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று இதைச் சொல்லலாம். இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார். கோடையில் திபெத்தியப் பீடபூமிக்கு மேலேயும் வடஇந்தியாவுக்கு மேலேயும் காற்று வெப்பமேறித் தெற்கேயுள்ள கடல்மேல் காற்றைவிடச் சூடாவதால், மேலடுக்கில் இந்தக் கிழக்குக் காற்று உருவாகிறது. தென்னிந்தியாவின் மேலே அது வலுவாக இருக்கும். அந்த உயரத்தில் மணிக்கு 70 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைத்துக்கொண்டால், 830 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் தரையைப் பொறுத்து 760 கிலோமீட்டர் வேகத்தில்தான் நகரும். திரும்பி வரும்போது அதே விமானம் 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 2,240 கிலோமீட்டருக்கு இந்த வேறுபாடு ஏறத்தாழ 27 நிமிடம். போவதற்கும் வருவதற்கும் ஒரே நேரத்தைக் காட்டும் பக்கத்தில் இது தெரியாது. ஆறேழு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஏ.டி.ஆருக்கோ இந்தத் தாரைக்காற்றின் பாதிப்பு அவ்வளவாக இராது.

சரி, நேர் விமானம் இல்லையென்றால் உண்மையில் எப்படிப் போவது? அகத்தியிலிருந்து கொச்சி, கொச்சியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து போர்ட் பிளேயர் என்பதே பெரும்பாலோர் வழி. அகத்தி முதல் கொச்சி வரை ஏறத்தாழ 470 கிலோமீட்டர். கொச்சி முதல் சென்னை வரை 520. சென்னை முதல் போர்ட் பிளேயர் வரை 1,370. மூன்றையும் கூட்டினால் 2,360 கிலோமீட்டர். நேர்க்கோட்டைவிட 120 கிலோமீட்டர்தான் அதிகம்! கொச்சியும் சென்னையும் அந்தக் கோட்டுக்கு அவ்வளவு அருகில் அமைந்துவிட்டன. முதல் விமானத்துக்கு ஒன்றரை மணி, இரண்டாவதற்கு ஒன்றேகால் மணி, மூன்றாவதற்கு இரண்டேகால் மணி என்று வைத்தால், இருக்கையில் அமர்ந்திருக்கும் நேரம் மொத்தம் ஐந்து மணி.

ஆனால் அகத்தியை விட்டு நண்பகலை ஒட்டிக் கிளம்பும் விமானம் கொச்சியில் கொண்டுவந்து விடும்போது, அன்றைக்குரிய போர்ட் பிளேயர் விமானங்கள் சென்னையிலிருந்து பெரும்பாலும் கிளம்பிவிட்டிருக்கும். முற்பகலிலேயே அங்கே இறங்கியாக வேண்டும் என்று மேலே சொன்ன கட்டுப்பாட்டின் விளைவு இது. எனவே சென்னையிலோ கொச்சியிலோ ஓர் இரவு தங்குவது ஏறத்தாழ கட்டாயம். எல்லாம் சரியாக அமைந்தாலும் அகத்தியில் வீட்டுக் கதவைச் சாத்தியதிலிருந்து போர்ட் பிளேயரில் உறவினர் வீட்டுத் திண்ணையில் அமரும் வரை முழுதாக ஒரு நாள். தூரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு கூடியது. நேரத்தில் ஏழெட்டு மடங்கு கூடிவிட்டது. இந்த வழியைப் பற்றிச் சொல்ல வேண்டிய முதல் உண்மை இதுதான் என்று நினைக்கிறேன், எந்தத் தூரக் கணக்குப் பக்கத்திலும் இது இல்லை.

என் அக்காள் மகன் என் பேச்சைக் கேட்டு வியாழக்கிழமைக்கே டிக்கெட் எடுத்தான். ஆனி மாதம், மேற்கே மழை இருண்டுகொண்டு நின்றது. கொச்சியிலிருந்து வந்த விமானம் தீவின் மேலே வட்டமிடும் சத்தம் கேட்டதாம். மேகத்துக்குள் ஒருமுறை வெள்ளையாகத் தெரிந்து மறைந்ததாம். காத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பைகளைத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு சத்தம் கிழக்கே தேய்ந்துபோய்விட்டது. இறங்காமலே திரும்பிவிட்டார்கள். மறுநாள் வானம் தெளிந்திருந்ததால் வெள்ளிக்கிழமை கிளம்பி, அன்றிரவு சென்னையில் தங்கி, சனிக்கிழமை நண்பகலுக்கு முன் போர்ட் பிளேயரில் இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் குழந்தையைக் கையில் ஏந்தி நின்ற படம் எங்கள் எல்லாருக்கும் வந்தது. சனிக்கிழமை ஒரு நாள் விடுப்பு என்ற முதல் கணக்கோடு போயிருந்தால் அந்தப் படத்தில் அவன் இருந்திருக்க மாட்டான்.

குமரி மாவட்டத்திலிருந்து இந்தத் தீவுகளுக்குச் செல்ல நினைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். திருவனந்தபுரத்திலிருந்து அகத்திக்கு வான்வழியில் 580 கிலோமீட்டர், போர்ட் பிளேயருக்கு 1,770 கிலோமீட்டர் என்று எண்கள் அழகாக வரும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் 70 கிலோமீட்டர்தான் என்பதும் உண்மை. ஆனால் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று நெரிசலில் நகர்ந்து போகும் அந்த 70 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டும். அகத்திக்குப் போகிறவர் கொச்சி வரை சென்று, அங்கிருந்து மேற்கே திரும்ப வேண்டும். ரயிலில் போனால் ஆலுவா அல்லது அங்கமாலியில் இறங்கி, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிக்குச் செல்லலாம். லட்சத்தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. போர்ட் பிளேயருக்கு அது தேவையில்லை. கப்பலில் செல்ல முடிந்தவர்களுக்குக் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குத் தீவைப் பொறுத்து 14 முதல் 20 மணி நேரம். சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு மூன்று நாள் அளவு. மழைக்காலத்தில் முக்கியமான காரியத்துக்குப் போகிறவர் முன்னால் ஒரு நாளைக் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும். திரும்பும்போதும் அப்படியே.

ஓடுதளத்தின் நீளம் ஓர் ஊரின் தூரத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் ஓடுதளம் 1,350 மீட்டராக இருந்த காலமெல்லாம் ஏ.டி.ஆர். போன்ற காற்றாடி விமானங்கள் மட்டுமே வந்து போயின. அதை 3,115 மீட்டராக நீட்டி, புதிய முனையத்தை 2025 ஜூலையில் திறந்திருக்கிறார்கள். இனி அங்கே பெரிய ஜெட் விமானம் இறங்கத் தடையில்லை. அகத்தியிலும் நீட்டிப்பு பற்றிய பேச்சு நெடுங்காலமாக உண்டு. ஆனால் வாகைக்குளத்தில் நீட்டுவதற்கு நிலம் இருந்தது. அகத்தியில் நீட்டுவதென்றால் பவளப்பாறைமேலும் களப்பின்மேலும்தான் நீட்ட வேண்டும். தீவைக் காப்பதே அந்தப் பவளத்திட்டுதான் என்பதால், இதில் அவசரம் கூடாது என்பதே என் எண்ணம்.

கடைசியாக ஒரு கோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். லட்சத்தீவின் தென்கோடியில் இருக்கும் மினிக்காய்த் தீவில் இன்னும் விமான நிலையம் இல்லை. அமைக்கும் திட்டம் பேசப்படுகிறது. கிழக்கே பெரிய நிக்கோபார்த் தீவின் கேம்ப்பெல் விரிகுடாவில் 2012இல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். பாஸ் என்னும் கடற்படை விமானத்தளம் இருக்கிறது; அதன் ஓடுதளமும் குட்டையானதுதான். இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அந்தக் கோட்டை வரைந்து பார்த்தால், அது கன்னியாகுமரியின் மேலேயே வந்து கடந்து, மன்னார் வளைகுடாவைத் தாண்டி, இலங்கையில் புத்தளம், சிகிரியா, வாழைச்சேனை ஆகிய ஊர்களுக்கு அருகே சென்று, மறுபடி கடலில் இறங்குகிறது. அகத்தி வழிக் கோடு நாமக்கல்லுக்குச் சொந்தமானால், மினிக்காய் வழிக் கோடு எங்களுக்குச் சொந்தமானது.

மினிக்காயில் ஓடுதளம் வந்தால் அங்கிருந்து கொச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் தூரம் ஏறத்தாழ சமம். இரண்டுமே 420 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஏ.டி.ஆர். விமானத்துக்கு அது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். வழக்கம்போலக் கொச்சியிலிருந்து மட்டும் சேவையைத் தொடங்கிவிடாமல் திருவனந்தபுரத்திலிருந்தும் தொடங்க வேண்டும் என்று குமரி மாவட்டத்தார் இப்போதே கேட்க வேண்டும். அந்தக் கடலில் தொழில் செய்யும் படகுகளில் பெரும்பங்கு எங்கள் கரையைச் சேர்ந்தவை. படகில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் தீவு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால், தூத்தூரிலிருந்து கிளம்பும் குடும்பத்தார் அன்று மாலைக்குள் அவர் பக்கத்தில் போய் நிற்க முடியும்.